வெயிலும் மழையும் விழாத ஒரு துண்டு மண்ணு

ஒரு ஊர்ல ஒருத்தர் செத்துப்போன ரோஜாச் செடிய லுங்கிக்குள்ள ஒளிச்சு வெச்சுக்கிட்டு நடந்துட்டு இருந்தாரு. முள்ளு சுருக் சுருக்னு குத்துது. வாயத் தொறக்கல. தொறந்தா மானம் போயிரும்.

ம் போடு. போடலேன்னா நிறுத்திருவேன்.

அவரு பேரு பரஞ்சோதி. ஃபிளாட்டுல கீழ் வீடு. அவரு படுக்குற ரூம் ஜன்னலுக்கு வெளிய ஒரு துண்டு மண்ணு. மேல பால்கனி நீட்டிட்டு இருக்கும், வெயிலும் வராது, மழையும் விழாது. பக்கத்துல வேப்பமரம். ஊத்துற தண்ணிய அந்த வேரு மடக் மடக்னு குடிச்சிரும். மூணு மாசத்துல அங்க பச்சையா எதாவது நிக்கணும், இல்லேன்னா சிமெண்டு போட்டு பைக் நிறுத்தப் போறோம்னு ஃபிளாட் சங்கச் செயலாளர் ரூபாவதி அம்மா சொல்லிட்டாங்க. ஆறு பைக்கு. காலைல அஞ்சு மணிக்கே டுர்ர்ர்ர்ர், அவரு காதுக்குப் பக்கத்துல. மனுசன் தூங்க வேண்டாமா? நானாச்சுன்னு மீட்டிங்ல எந்திரிச்சு சொல்லிட்டாரு. செடியப் பத்தி ஒண்ணும் தெரியாது.

ரோஜாதான் மொதல்ல. வெயில் இல்ல, எல பொலபொலன்னு கொட்டி பத்தே நாள்ல குச்சியாயிருச்சு. அதத்தான் யாரும் பாக்காம தூக்கிப் போட லுங்கிக்குள்ள ஒளிச்சுட்டுப் போனாரு. அப்புறம் மல்லி. அது வெயிலத் தேடி நீண்டு நீண்டு காம்பவுண்டு சுவத்துக்கு மேல எட்டிப் பாத்துச்சு. ரோட்டுல போன மாடு கறுக் முறுக்னு தின்னுட்டுப் போயிருச்சு. நர்சரிக்காரர் எதைக் கேட்டாலும் நல்லா வரும் சார்னுதான் சொல்லுவாரு. அப்புறம் புல்லு. பாய் மாதிரி சுருட்டி வாங்கிட்டு வந்து விரிச்சு, குடம் குடமா ஊத்துனாரு. மடக் மடக். வேப்பமரம் தளதளன்னு ஆயிருச்சு. புல்லு அப்பளமாட்டம் காஞ்சிருச்சு.

தூங்கிட்டியா? ம்.

அப்புறம் அவரு ஜன்னலச் சாத்திட்டாரு. அந்தப் பக்கம் பாக்கவே வெக்கமா இருந்துச்சு. அந்த வாரந்தான் அவரு சம்சாரம் சந்திரவடிவு பிரண்டைத் துவையல் அரைச்சாங்க. அரைக்க முடியாத முத்துன கணுவெல்லாம் ஒரு பையில. மருள் செடி இருக்குல்ல, கத்தி மாதிரி நெட்டுக்குத்தா நிக்குமே, அது தொட்டியவே ஒடச்சிருச்சு. அதையும் புடுங்கி அதே பையில போட்டாங்க. தெருவுல குப்பை வண்டிச் சத்தம் கேட்டுச்சு. பைய இவரு கையில குடுத்தாங்க.

மூணு மாசம் முடிஞ்சுது. ரூபாவதி அம்மா கொத்தனாரோட வந்து தட் தட்னு கதவத் தட்டுனாங்க. அப்போ பரஞ்சோதி தலையக் குனிஞ்சுக்கிட்டே வெளிய வந்து பாத்தா, மருள் கொத்தா, விறைப்பா நிக்குது. பிரண்டை ஜன்னல் கம்பியப் புடிச்சு மேல ஏறிட்டு இருக்கு. ஒரு சொட்டுத் தண்ணி யாரும் ஊத்தல.

"இந்த எடத்துக்கு இதுதான் சரின்னு எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"ரொம்ப யோசிச்சு வெச்சேன் மேடம்."

கொத்தனார் கரண்டியத் தூக்கிட்டுக் கெளம்பிட்டாரு. பின்னாலயே வந்த சந்திரவடிவு மட்டும் நகரல. அவங்க செடி அவங்களுக்குத் தெரியாதா?

"ஏங்க, அன்னிக்கு வண்டி வரைக்கும் போனீங்களா?"

"ம்"னாரு. நீ இப்போ போடுற அதே ம்.

அவ்ளோதான் கதை, போர்வைய இழுத்துக்கோ. என்ன, அந்தப் பை என்னாச்சுன்னா? குப்பை வண்டில போட்டுட்டு வரச் சொன்னாங்க. வண்டி தெருமுனைக்குப் போயிருச்சு, ஜன்னலுக்குக் கீழ எடம் காலியா இருந்துச்சு. அவரு போகல.