கேமரா கண்மூடிய நிமிடம்

ஒரு கேமரா இருந்தது. காடு, மலை, ஊர்ப்பிரச்சினை என்று குறும்படம் எடுக்கும் தமயந்தியிடம் அது வேலை பார்த்தது. அருவியோரம் கயிற்றில் தொங்கியிருக்கிறது, புதருக்குள் பதுங்கி யானைக்கூட்டத்தைப் பார்த்திருக்கிறது. அதனால் அதற்குத் தலைக்கனம் கொஞ்சம் தூக்கல்தான்.

அதன் கூட்டாளி ஒரு மைக். காற்றின் இரைச்சல் உள்ளே நுழையாமலிருக்க, மைக்குக்கு எப்போதும் ரோமத்தில் ஒரு உறை.

“தலையில பூனைக்குட்டியக் கவுத்துக்கிட்டு எங்க கிளம்பிட்ட?” என்று கேமரா தினமும் கேலி பேசும். மைக் கோபித்துக்கொள்ளாது. கேட்பதுதான் அதன் தொழில்; கேலியையும் கேட்டுக்கொள்ளும்.

அந்த முறை அவர்கள் போனது செங்காலாற்றுக்கு. ஆறு என்பது பெயருக்குத்தான்; கரைக்குக் கரை மணல். ‘செத்த ஆறுதானே, மூடி மனை போடலாம்’ என்று ஒரு கம்பெனி மனு கொடுத்திருந்தது. மூடினால் கிணறுகள் வற்றிவிடும் என்று பயந்த ஊர்க்காரர்கள், அதிகாரிகளிடம் காட்ட ஒரு படம் எடுத்துத் தரச்சொல்லி தமயந்தியை அழைத்திருந்தார்கள்.

கேமரா பகல் முழுக்க மணலை எடுத்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆறு செத்துத்தான் கிடந்தது. இந்தப் படத்தைப் பார்த்தால் அந்தக் கம்பெனிதான் கைதட்டும்.

சாயங்காலம் வானம் சிவந்தது. இதையாவது எடுத்து மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று கேமரா நிமிர்ந்தபோது, ஒலிப்பதிவு செய்யும் ஆரோக்கியம் கையைத் தூக்கினார்.

“அம்மா, ஒரு நிமிஷம் இந்த எடத்தோட சத்தத்தை மட்டும் எடுத்துக்கிறேன். யாரும் பேசாதீங்க. கேமராவையும் அணைச்சிருங்க, அதோட முனகல் விழுது.”

எந்த இடத்திலும் கிளம்பும் முன் இப்படி ஒரு நிமிடம் பதிவது அவர்கள் வழக்கம். காட்சிகளை ஒட்டும்போது இடைவெளிகளை நிரப்ப அது உதவும்.

“யாரு முனகுறா, நானா?” கேமராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஒண்ணுமில்லாததைப் பதியறதுக்கு நான் சூரியனை விடணுமா?”

“ஒண்ணுமில்லையான்னு கேட்டாத்தானே தெரியும்,” என்றது மைக். “கொஞ்சம் கண்ணை மூடிக்கோயேன்.”

தமயந்தி கேமராவை அணைத்தாள். மறுபடி கண்திறந்தபோது சூரியன் இல்லை. பெட்டிக்குள் போகும்வரை கேமரா மைக்கோடு பேசவே இல்லை.

மறுநாள் காலை, தங்கியிருந்த அறையில் தமயந்தி ஹெட்போனைக் காதில் மாட்டி அந்தப் பதிவைக் கேட்டாள்.

“ஆரோக்கியம் அண்ணே, அடியில ஏதோ களக் களக்குன்னு கேக்குதே?”

“காத்தா இருக்கும்மா.”

“காத்து இப்படியா பேசும்?”

அவரும் வாங்கிக் கேட்டார். கேட்டவர் உடனே செருப்பை மாட்டிக்கொண்டார்.

நேற்று மைக் நின்ற இடத்தில் ஆரோக்கியம் கையாலேயே தோண்டினார். முழங்கை ஆழத்தில் மணல் ஈரமானது. தோள் ஆழத்தில் தண்ணீர் ஊறி வந்தது, கண்ணாடி மாதிரி. அதற்குள் வானம் ஒரு துண்டு கிடந்தது. கேமரா இமைக்காமல் பார்த்தது. அது பிறந்ததிலிருந்து எடுத்ததிலேயே நல்ல காட்சி அதுதான்.

படம் பார்த்த அதிகாரிகள் ஆற்றுக்கே வந்து தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார்கள். மனு தள்ளுபடியானது. ஊர்க்காரர்கள் சந்தோஷத்தில் கேமராவுக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள்.

கேமராவுக்குக் கூச்சமாகிவிட்டது. “இந்தப் பொட்டு உனக்கு வைக்க வேண்டியது,” என்றது மைக்கிடம். “நான் பார்த்துப் பார்த்து அந்த ஆத்தைச் சாகடிச்சிருப்பேன். நீ காப்பாத்தின. ரொம்ப நன்றிப்பா.”

“நான் என்ன செஞ்சேன்? ஆறு பேசுச்சு. நீங்க எல்லாரும் எனக்காக ஒரு நிமிஷம் சும்மா இருந்தீங்க. நான்தான் நன்றி சொல்லணும்.”

அடுத்த படம் ஒரு மலையுச்சியில். அன்றைக்கு வானம் இன்னும் அழகாகச் சிவந்தது. ஆரோக்கியம் மைக்கை நிற்க வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவர் கையைத் தூக்கும் முன்பே கேமரா தானாக அணைந்தது.

“ஐயோ, பேட்டரி தீந்துபோச்சா?” என்று தமயந்தி பதறினாள்.

“முழுசா இருக்கேம்மா,” என்றார் ஆரோக்கியம்.

காரணம் தெரிந்த மைக் மட்டும் கேட்கத் தொடங்கியது.