உலாத்தி கொண்டலாத்தி ஆன கதை

அந்தக் காலத்தில், பறவையும் பூச்சியும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, கரட்டுப்பட்டி என்ற ஊரில் ஒச்சாயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொல்லை. கொல்லை ஓரத்தில் ஒரு பூவரச மரம். அந்த மரப்பொந்தில் ஒரு பறவை குடியிருந்தது. பறப்பதைவிடத் தரையில் இறங்கி அங்குமிங்கும் உலாத்துவதுதான் அதற்குப் பிடிக்கும். அதனால் ஊரார் அதை உலாத்தி என்று கூப்பிட்டார்கள். உடம்பு செம்மஞ்சள் நிறம், தலையில் படிந்து கிடக்கும் இறகு, சிட்டுக்குருவிக்கு இருப்பதுபோல் சின்னதாக நேரான மூக்கு. அது எதிரே வந்து நின்றாலும் யாரும் இரண்டாம் தடவை பார்க்கமாட்டார்கள்.

இரண்டு வருஷமாக ஊரில் மழை இல்லை. கொல்லைகளெல்லாம் கருகி, விதை எடுக்கக்கூட ஒரு காய் மிஞ்சவில்லை. மூன்றாம் வருஷம் ஒரு வழியாக மழை இறங்கியபோது, ஊர் முழுக்கத் தேடியும் கத்தரி விதை ஒச்சாயியிடம் மட்டும்தான் இருந்தது. அதுவும் சுரைக்குடுக்கைக்குள் சாம்பலில் புரட்டி வைத்திருந்த ஒரு சிட்டிகை.

"நீ முளைக்க வச்சாத்தான் எங்க வீட்டுக் கொல்லையும் முளைக்கும், ஒச்சாயி" என்றாள் அடுத்த வீட்டு இருளாயி. பார்ப்பவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள்.

ஒச்சாயிக்குப் பயம் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம். மறுநாள் காலையிலேயே ஊர்க்கோடியில் இருந்த கொல்லன் சங்கிலியின் பட்டறைக்குப் போனாள். உலாத்தியும் அவள் பின்னாலேயே தத்தித் தத்திப் போனது. கொல்லன் அடித்து முடித்த கருவிகள் சுவரில் சாய்ந்து வரிசையாக நின்றன. ஒச்சாயி ஒவ்வொன்றாக எடுத்தாள், தூக்கினாள், ஓங்கிப் பார்த்தாள், கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"எல்லாரும் பளபளப்பு பாத்து எடுத்துட்டுப் போவாங்க. நீ என்ன தங்கச்சி, மாப்பிள்ளை பாக்குற மாதிரி பாக்குற?" என்று சங்கிலி சிரித்தான்.

"வேலை செய்யப்போறது என் தோளும் இடுப்பும்தானண்ணே. அதுககிட்டத்தானே கேட்டுக்கணும்."

இரண்டு வருஷம் வெயிலில் வெந்த மண் பாறையாக இறுகிக் கிடந்ததால், அதை உடைக்க ஒரு கடப்பாரை எடுத்தாள். பாத்தி கட்ட மண்வெட்டி வேண்டும். அவள் நெட்டையானவள். கட்டைக் காம்பு போட்ட மண்வெட்டி பிடித்தால் சாயங்காலத்துக்குள் இடுப்பு ஒடிந்துவிடும். நீளக் காம்பாகப் பார்த்து எடுத்தாள். செடி வந்தபின் களை பறிக்க, கைக்கு அடக்கமாக ஒரு களைக்கொத்து. மூன்றையும் தோளில் போட்டுக்கொண்டு, பட்டுச்சேலை வாங்கியவளைப் போல வீடு வந்தாள். வந்ததும் மண்வெட்டியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டாள்.

"புதுசைப் போய் ஏன் அக்கா தண்ணியில போடுற?" என்று உலாத்தி கேட்டது.

"காம்பு ஊறி உப்பினாத்தான் இரும்பு கழராது. இல்லாட்டி ஓங்கும்போது தனியா பறந்து யார் மண்டையிலாவது விழும்."

உலாத்தி சட்டென்று நாலடி தள்ளி உட்கார்ந்தது.

எடுத்த கருவிகள் அவளைக் கைவிடவில்லை. கடப்பாரை மண்ணைப் பிளந்தது. மண்வெட்டி பாத்தியை வழித்துப் போட்டது. விதை தூவிய எட்டாம் நாள் முளை எட்டிப் பார்த்தது. நாற்றைப் பிடுங்கி நட்டபோது முப்பத்தோரு செடி தேறியது. ஊரே வந்து வேலியோரம் நின்று எண்ணிப் பார்த்துவிட்டுப் போனது.

நட்ட ஐந்தாம் நாள் காலை, மூன்று செடிகள் தரையில் படுத்துக் கிடந்தன. தண்டை அரிவாளால் அறுத்ததுபோல் அடியோடு வெட்டியிருந்தது. மறுநாள் நாலு செடி போனது.

"வெட்டுப்புழு அக்கா" என்றது உலாத்தி. "பகல்ல வேரை ஒட்டிச் சுருண்டு படுத்திருக்கு. நடந்தா அது நெளியறது என் காலுக்குத் தெரியுது. ஆனா என் மூக்குக்கு எட்டல."

ஒச்சாயி மண்வெட்டியை எடுத்து ஒரு செடியின் பக்கத்தில் போட்டாள். புழு தப்பிவிட்டது, செடி வேரோடு கையில் வந்தது. களைக்கொத்தால் கொத்தினாள். வேர் அறுந்து இன்னொரு செடி சாய்ந்தது. கடப்பாரையால் துளை போட்டால் மண் சரிந்து மூடிக்கொண்டது. அவை நல்ல கருவிகள்தான். ஆனால் இது அவற்றின் வேலை இல்லை.

மண்ணுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "இங்க இல்ல தாயி, இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கமா தேடு" என்றது புழு. அதைக் கேட்டுப் பாத்தி பாத்தியாக மற்றப் புழுக்கள் சிரித்தன.

ஒச்சாயிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பூவரசங்குச்சி ஒன்றை ஒடித்து வளைத்துப் பிடித்தபடி பட்டறைக்கு ஓடினாள்.

"அண்ணே, ஊசி மாதிரி மெலிசா ஒண்ணு வேணும். ஆனா நேரா இருந்தா வேரைக் குத்தும். வேரைச் சுத்திக்கிட்டு அடியில இறங்கணும். பாருங்க, இந்த அளவுக்கு வளைவு."

சங்கிலி குச்சியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. "இப்படி ஒண்ணை என் அப்பன்கூட அடிச்சதில்ல" என்று சொல்லிக்கொண்டே துருத்தியை மிதித்தான். உலை சீறியது. அவன் தட்டத் தட்ட இரும்பு மெலிந்து, நீண்டு, பிறைபோல் வளைந்தது. அடிப்பக்கத்தில் காம்பு செருக ஒரு சின்னக் குழை வைத்துக் கொடுத்தான். ஒச்சாயி மூங்கில் காம்பு செருகி, மூச்சு வாங்க வீட்டுக்கு ஓடிவந்தாள்.

ஒரு செடியின் அடியில் விட்டதும் இரும்பு வேரைத் தொடாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவள் மெல்ல இழுத்தாள். கூழாங்கல் வந்தது. மறுபடி விட்டாள். மறுபடியும் கல். மூன்றாம் முறை, இதுதான் என்று வெடுக்கென்று இழுத்தாள். வந்தது வேர். அந்தச் செடியும் தலை சாய்ந்தது. இருபத்தொன்றுதான் மிச்சம்.

"எட்டுது, ஆனா எது கல்லு, எது புழுன்னு தெரியலியே" என்று அவள் பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

உலாத்தி அவள் முன்னால் வந்து நின்றது. "மூங்கிலுக்கு என்ன தெரியும் அக்கா? அந்தக் குழையில என் மூக்கு இருந்தா எனக்குத் தெரியும்."

"கிறுக்கு மாதிரி பேசாதே."

"நான் இந்தப் பாத்தியிலதான் உலாத்துறேன். எனக்கும் இதுதான் கொல்லை."

மறுபடி பட்டறைக்குப் போனார்கள். சங்கிலி கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான். "குழை விரிஞ்சாத்தான் மூக்கு இறங்கும். இரும்பு பழுத்தாத்தான் குழை விரியும். பழுத்த இரும்புக்குள்ள மூக்கை விட்ட பறவை பிழைக்குமா? வேண்டாம் தங்கச்சி. குழையைச் சின்னதாக்கித் தர்றேன். இன்னும் மெலிசான காம்பு போட்டுப் பாரு." அவன் மூங்கிலைக் கழற்றிவிட்டு இரும்பை உலையில் போட்டான். அது செக்கச்செவேலென்று பழுத்ததும் பட்டடைக்கல்லில் எடுத்து வைத்துவிட்டு, சுத்தியல் எடுக்கத் திரும்பினான்.

திரும்பிய அந்த நேரம் போதுமாக இருந்தது. உலாத்தி ஒரே தாவில் பட்டடைக்கல்லில் ஏறி, கொதிக்கும் குழைக்குள் தன் மூக்கின் மேல்பாதியைச் செருகியது.

ஒச்சாயி அலறவில்லை. அலற நேரம் இல்லை. பறவை சுருண்டு சாம்பலிலும் கரியிலும் விழுந்து சிறகடித்தது. அனலில் தலை இறகெல்லாம் குத்திட்டு எழுந்து, நுனி நுனியாகத் தீய்ந்தது. அவள் பாய்ந்து அதை இரண்டு கையாலும் அள்ளி, பக்கத்தில் இரும்பு தோய்க்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் மூக்கோடு முக்கினாள். சுரீரென்று ஆவி கிளம்பியது. பழுத்த இரும்பு குளிர்ந்தது. குளிர்ந்த குழை சுருங்கி மூக்கைக் கவ்வியது.

"நீ முக்கியிருக்காட்டி உசிர் போயிருக்கும்" என்றான் சங்கிலி மெதுவாக. "முக்கினதால இனி அது கழராது."

ஒச்சாயி தன் மடியில் பறவையைக் கிடத்திக்கொண்டாள். அது சூடு ஆற மூக்கின் ஓட்டை வழியாக "ஊப்... ஊப்... ஊப்..." என்று ஊதிக்கொண்டது. சிறகில் கரி பட்ட இடம் கறுப்பாகவும் சாம்பல் பட்ட இடம் வெள்ளையாகவும் பட்டை பட்டையாக ஒட்டியிருந்தது. தலையில் நுனி கறுத்த இறகுகள் விசிறிபோல் விரிந்து நின்றன.

"வலிக்குதா?" என்று அவள் கேட்டாள்.

"பொழுது சாயறதுக்குள்ள போவோம் அக்கா" என்றது அது.

ஊருக்குள் சேதி பரவிவிட்டது. அவர்கள் கொல்லைக்கு வரும்போது வேலியைச் சுற்றிலும் ஆட்கள். உலாத்தி முதல் பாத்தியில் இறங்கி நாலடி நடந்தது. தலையைச் சாய்த்துக் கவனித்தது. பிறகு வளைந்த மூக்கை மண்ணுக்குள் விட்டது. வேர் அசையவில்லை. இலை அசையவில்லை. மூக்கு வெளியே வந்தபோது அதன் நுனியில் விரல் பருமனில் ஒரு புழு நெளிந்தது.

வேலியோரம் ஒரே ஆரவாரம். ஆனால் ஒரு சிக்கல். மூக்கு நீண்டதே தவிர நாக்கு நீளவில்லை. நுனியில் இருக்கும் புழுவை வாய்க்குள் கொண்டுவர வழி தெரியாமல் உலாத்தி திகைத்து நின்றது.

"தவறிப்போச்சுன்னா இன்னொரு செடிக்கு அடியில போய்ப் படுத்துக்குவேன்" என்றது புழு.

ஒச்சாயி, "மேல தூக்கிப் போடு" என்றாள்.

உலாத்தி புழுவை மேலே சுண்டிப் போட்டது. அது காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி இறங்க, பறவை வாயைத் திறந்து கபக்கென்று பிடித்து விழுங்கியது. இருளாயி சிரித்த சிரிப்பில் கையில் வைத்திருந்த குடத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு பாத்தி முடிந்து அடுத்த பாத்தி. குத்தும், இழுக்கும், சுண்டும், விழுங்கும். ஒவ்வொரு தடவையும் சனங்கள் எண்ணினார்கள். இருபத்தாறு புழு. கடைசிப் பாத்தியை விட்டு உலாத்தி வெளியே வந்தபோது அதன் வயிறு சுரைக்காய்போல் இருந்தது. மறுநாள் விடிந்ததும் ஒச்சாயி ஓடிப்போய்ப் பார்த்தாள். இருபத்தொரு செடியும் நிமிர்ந்து நின்றன.

அந்த வருஷம் காய்த்த காயில் ஒன்றையும் அவள் பறித்துச் சமைக்கவில்லை. அத்தனையையும் பழுக்கவிட்டு, விதை எடுத்து, வீட்டுக்கு ஒரு பிடி கொடுத்தாள். மழைக்காலம் முடிவதற்குள் பறவையின் மூக்கில் இரும்பும் எலும்பும் ஒன்றாகிவிட்டன. பிறகு அதன் குஞ்சுகளும் வளைந்த மூக்கோடு வளர்ந்தன. தலையில் கொண்டையோடு உலாத்துகிறதே என்று ஊரார் அதைக் கொண்டையுலாத்தி என்றார்கள். வாய்க்கு வாய் மாறி அது கொண்டலாத்தி ஆயிற்று.

அன்று முதல்தான் கொண்டலாத்தி எந்தக் கொல்லையில் இறங்கினாலும், காலடியில் இன்னும் பட்டடைக்கல் சுடுவதுபோல் ஒரு கணம் கொண்டையை விரித்து, பிறகு மடக்கி, செடியின் வேர் அசையாமல் மண்ணுக்குள் மூக்கை விட்டுப் புழுவை எடுக்கிறது.