ஆறில் ஒன்று

முன்னொரு காலத்தில் ஒரு மன்னனுக்குப் பால்வெள்ளைக் கோபுரத்தின்மேல் மோகம் பிறந்தது. சன்னிதித் தெருவின் அடுப்புப் புகை அதன்மேல் படிகிறதென்று, பலகாரக் கடைகளையெல்லாம் ஆள் நடமாட்டமில்லாத சுடுகாட்டுப் பாதைக்கு விரட்டினான். விறகு விலை ஏறிற்று, அடைமழையும் சேர்ந்துகொண்டது. 'வேகும் பண்டத்தில் ஆறில் ஒன்று அரசர்க்கு' என்பது கல்வெட்டு. அந்த வரியைச் செலுத்த வழியின்றி, அப்பம் சுடும் ஆவுடையாள் சபையில் நின்றாள்.

"இவள் அப்பச்சட்டியைப் பறிக்க ஆணையிடுங்கள், பிரபு," என்றார் அரண்மனைப் பண்டாரத் தலைவர் வெண்காடர். விகடகவி கூத்தன்மீது அவருக்கு நெடுநாள் பொறாமை. "கூத்தனார் வேண்டுமானால் காப்பாற்றட்டுமே, கல்வெட்டில் ஓரெழுத்தும் மாற்றாமல்!"

மன்னனுக்கு இது வேடிக்கையாகப் பட்டது. "தோற்றால் சட்டியோடு உன் ஆசனமும் போகும், கூத்தா!"

கூத்தன் ஆசனத்தை எண்ணவில்லை. சட்டியை மார்போடு அணைத்திருந்த அவள் கைகளையே பார்த்தான். 'ஈசனே, என் நாவில் நில்' என்று வேண்டி, சபை நடுவே அடுப்பு மூட்டச் சொன்னான்.

வெல்லமும் ஏலமும் மணந்தன. ஆறாவது அப்பம் வெந்ததும் வெண்காடர் கை நீட்டினார்.

"பொறும், ஐயா!" என்றான் கூத்தன். "சுடுகிறது. 'கூறில்' என்றால் கூறினால். 'ஆறில்' என்றால் ஆறினால். ஆறினால் அல்லவா அது அரசர்க்கு?"

அதற்குள் சபையினர் காசு கொடுத்துச் சுடச்சுடத் தின்று தீர்த்தனர். ஆறுவதற்கு ஒன்றும் எஞ்சவில்லை. மன்னன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

"சட்டி அவளுக்கே! இனி இவ்வுரையே சட்டம்."

வெண்காடர் பணிவாகக் குனிந்தார். "உத்தரவு, பிரபு. ஆறிய அப்பமெல்லாம் இனி அரண்மனைக்கு. சுடுகாட்டுப் பாதையில் ஆறாமல் விலைபோகும் அப்பம் ஏது?"

கூத்தன் முகம் வெளுத்தது. "மன்னா, கடைகள் சன்னிதிக்குத் திரும்பட்டும். வேறு பரிசு வேண்டேன்."

"கோபுரம் கறுத்துவிடுமே, அப்பா!" மன்னன் முன்னிலும் உரக்கச் சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் இட்டான்.

மறுநாள் கூத்தன் தூறலில் நடந்து ஆவுடையாள் கடைக்குப் போனான். அவனன்றி வாங்குவோர் இல்லை. எதிரே புளியமரத்தடியில் அரண்மனைச் சேவகன் கூடையோடு குந்தியிருந்தான். கூத்தன் ஓர் அப்பம் தின்றான், இன்னொன்று தின்றான், மூன்றாவது தொண்டையில் நின்றது. ஆவுடையாள் தட்டை அவன்பக்கம் நகர்த்தினாள்.

"சீக்கிரம் தின்னுங்க சாமி, ஆறிரும்."