சேறு படாமல் இறங்கியவன்

"ஒரு வருஷம் ஆச்சுங்க சாமி. கண்ணை மூடினா இன்னும் எம் பொஞ்சாதி முகந்தான் வருது."

மாசிலாமணி பவானியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவன். மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு இந்தக் காவிரிக்கரை மடத்துக்கு வந்திருந்தான். தியானம் கைகூடவே இல்லை. அந்த எரிச்சல் இப்போது மடத்துச் சாமி மேல் திரும்பியிருந்தது.

"வரும்போது சண்டையா?" என்று கேட்டார் சாமி.

"இல்லீங்க. ஒரு வார்த்தை பேசல. அவ தூங்கிட்டிருந்தா. சத்தமில்லாமக் கதவைச் சாத்திட்டு வந்துட்டேன். நான் யாரையும் தள்ளிவிடலீங்க."

அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"சரி, வா. அக்கரைக்குப் போயிட்டு வரலாம்."

பரிசலில் சாமியே துடுப்புப் போட்டார். அக்கரையை ஒட்டி நிறுத்தி, துடுப்பை அவன் கையில் கொடுத்தார்.

"முதல்ல நீ இறங்கு."

மாசிலாமணி பாரமான ஆள். கரையோரம் ஒரே சேறு. எழுந்து நின்று, ஒரே தாவலாகத் தாவிக் காய்ந்த புல்லில் போய் விழுந்தான்.

திரும்பிப் பார்த்தால் பரிசல் அங்கே இல்லை. பின்னால் போய்க்கொண்டிருந்தது. ஆற்றின் இழுப்பு அதைப் பிடித்துக்கொண்டது. சாமி உட்கார்ந்தபடியே சுற்றிச் சுற்றிப் போனார்.

"சாமி! நான் தள்ளலீங்க!"

"நீ தள்ளினதா யாருப்பா சொன்னா?"

அவனுக்கு நீந்தத் தெரியாது. துடுப்பைத் தூக்கிக்கொண்டு கரையோடு ஓடினான். சாமி ஆற்றோடு போய்விடுவார் என்றே நினைத்தான். அழுதுகொண்டே ஓடினான்.

கொஞ்சதூரம் தள்ளி, ஆற்றுக்குள் சாய்ந்திருந்த ஒரு மருதமரத்தின் கிளையைச் சாமி எட்டிப் பிடித்திருந்தார்.

"அவ்வளவு வேகமா எதுக்குத் தாவின?"

"கால்ல சேறு படக் கூடாதுன்னு."

"மெதுவா இறங்கியிருந்தா?"

"பரிசல் இவ்வளவு தூரம் போயிருக்காதுங்க."

மாசிலாமணி சேற்றில் இறங்கினான். இடுப்பளவு தண்ணீரில் நின்று துடுப்பை நீட்டினான். சாமி வாங்கவில்லை. அவர் கை கிளையை விடாமல் இறுகப் பிடித்திருந்தது.

அந்தக் கையையே அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சாமி, நான் விட்டுட்டு வந்தப்புறம் அவ எதைப் பிடிச்சிருப்பா?"

"அத எங்கிட்ட எதுக்குக் கேக்கற?"