பீலிப் புட்டு

சுறாவின் பீலியை, அதாவது துடுப்பை, மட்டும் அறுத்து விற்கக் கூடாது, சுறாவை முழுசாகத்தான் கரைசேர்க்க வேண்டும் என்று சட்ட வரைவு வந்ததும், ஏழைகளுக்காக அழுதவர் யார் தெரியுமோ? பதினோரு விசைப்படகு வைத்திருந்த பீலி வியாபாரி ஞானதிரவியம்தான்! ஆட்சேபம் கேட்க வந்த அதிகாரியை வீட்டுக்கே அழைத்து உருகினார்.

"பிள்ளை பெத்தவளுக்குப் பால் ஊற எங்க கரையில சுறாப்புட்டுதான் கொடுப்போம், சார். பீலியைத் தடுத்தா பச்சைப்பிள்ளை பாலுக்கு எங்க போகும்?"

எதிர்ப்பு என்று குறித்துக்கொண்ட அதிகாரி, "அந்தப் புட்டைப் பார்க்கலாமா?" என்றார்.

"ஏட்டி செலஸ்டினா! நல்ல பீலியா எடுத்துப் புட்டு அவி. சொதப்பினே, நாளைக்கு வேலைக்கு வராத!"

சமையல்காரி செலஸ்டினா திகைத்தாள். புட்டு அவிப்பது சுறாவின் சதையில். அடுப்படியை எட்டியே பார்க்காத மனுஷனுக்கு அது எங்கே தெரியும்?

"சொன்னபடியே செய்யுதேன், முதலாளி."

பீலியை அவித்து, வெங்காயம் பூண்டோடு வதக்கி, முதல் தட்டை முதலாளிக்கே வைத்தாள். அவர் மென்றார். மென்றுகொண்டே இருந்தார். நைலான் நரம்பு மாதிரி ஏதோ சிக்கி, பல்செட் தட்டில் விழுந்தது.

"பால் ஊறுறது சதையில, சார்" என்றாள் செலஸ்டினா அதிகாரியிடம். "இவுக படகுல பீலியை அறுத்துட்டு சதையைக் கடல்லயே வீசிடுதாக. என் மவ பிள்ளை பெத்து ஒன்பது நாளாச்சு, ஒரு துண்டு சுறா கிடைக்கல."

அதிகாரி 'எதிர்ப்பு' என்பதை அடித்துவிட்டு 'ஆதரவு' என்று எழுதினார்.

செலஸ்டினா பணிவாகத் திரும்பினாள். "புட்டு சொதப்பலையே, முதலாளி? நாளைக்கு வேலைக்கு வரட்டா?"

முதலாளி தட்டிலிருந்த புட்டுக்குள் பல்லைத் தேடிக்கொண்டிருந்தார்.