சிவப்பாய்ப் பிறக்கும் கருமந்திக் குட்டி

மலைகளுக்குப் பெயர் வைக்க ஆளே பிறக்காத அந்தக் காலத்தில், மரத்தில் வாழ்ந்த உயிர்கள் எல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தன. அப்போது கருமந்திகளுக்குக் குட்டியும் கறுப்பாகத்தான் பிறந்தது. வயிற்றோடு ஒட்டிக்கொண்டால் எது தாய், எது குட்டி என்று தெரியாது. தாய்களுக்கும் அதுதான் பிடித்திருந்தது. என் நிறம், என் குட்டி, இங்கே உனக்கென்ன வேலை என்பார்கள். இன்னொருத்தியின் குட்டியைத் தொட்டால் கடி விழும். அதுதான் அவர்கள் வழக்கம்.

அந்தக் கூட்டத்தில் நெட்டைவாலி என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு முதல் குட்டி பிறந்து எட்டு நாள் ஆகியிருந்தது. அவளுடைய அக்கா சுழியாள் பார்க்க வந்தாள். சுழியாளுக்கு ஒரு குட்டியும் தங்கியதில்லை.

"ஒரே ஒரு தடவ மடியில வெச்சுட்டுத் தாரேன்டி."

"பாத்தாப் போதும்க்கா. கையெல்லாம் நீட்ட வேணாம்."

ஆசை யாரை விட்டது? சுழியாள் கையை நீட்டிவிட்டாள். நெட்டைவாலி அந்த விரலைக் கடித்துத் துப்பினாள். கடித்தது சரிதான் என்று கூட்டமே சொன்னது. எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை. ஆனால் அன்றைக்கு என்னை யார் கேட்டார்கள்?

அந்த ஐப்பசியில் பதினோரு நாள் மழை விடாமல் கொட்டியது. பன்னிரண்டாம் நாள் காலையில் மலைச்சரிவு பெயர்ந்து கீழே போயிற்று. சோலைக்கு நடுவில் அகலமான மண்வெளி விழுந்துவிட்டது. கூட்டம் மாட்டிக்கொண்ட பக்கத்தில் நாலைந்து மரங்கள்தான் மிச்சம். தின்ன இலை போதாது. மண்ணில் சாய்ந்து நின்ற சில மரங்கள் வழியாகத் தாவி அக்கரைச் சோலைக்குப் போயே ஆக வேண்டும். தரையில் இறங்கலாம் என்றால் செந்நாய்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

மண்சரிவில் நெட்டைவாலியின் வலது கை முறிந்திருந்தது. அவளால் தாவ முடியாது. பாலும் வற்றத் தொடங்கியிருந்தது. அவளோடு இருந்தால் குட்டி நாலு நாள் தாங்காது. அக்கரை சேர்ந்தால் பால் கொடுக்கக் கூட்டத்தில் இரண்டு பேர் இருந்தார்கள்.

"வெயில் ஏறுறதுக்குள்ள தாண்டணும். முடிஞ்சவங்க வாங்க," என்றான் கூட்டத்தை நடத்திய கடுவன்.

"யாராச்சும் எம்புள்ளயத் தூக்கிட்டுப் போங்களேன்," என்று நெட்டைவாலி அழுதாள்.

ஒருத்தியும் அசையவில்லை. அது கோபமில்லை, பயம். சுழியாள்தான் வாய் திறந்தாள். "இப்பத் தாரேன்னுதான் சொல்லுவ. நான் தூக்குனதும் ஒனக்குத் தாங்காதுடி. பின்னாலயே பாஞ்சு வருவ. ஒத்தக் கையோட நீயும் விழுவ, எங்களையும் தள்ளிருவ."

அக்கா குட்டியைத் தூக்குவதை நினைத்த மாத்திரத்திலேயே நெட்டைவாலிக்குப் பல் நறநறவென்றது. தன் நிறத்தில் இருக்கும்வரை அதைத் தன்னால் விட முடியாது என்று அவளுக்கே தெரிந்தது.

பக்கத்துக் கிளையில் மழைக்குப் பிறகு செந்தளிர் விட்டிருந்தது. அவளுக்கென்று மிஞ்சிய நல்ல தீனி அது ஒன்றுதான். இடது கையால் உருவி வாய் நிறைய மென்றாள். விழுங்கவில்லை. சாற்றைக் குட்டியின் தலையில் உமிழ்ந்து, முதுகு, வயிறு, வால் நுனிவரை தேய்த்தாள். அரை நாழிகையில் குட்டி செம்பட்டையாகிவிட்டது. தன் குட்டியை அவளே அடையாளம் தெரியாததுபோலப் பார்த்தாள்.

"இது என் நெறமில்லக்கா. எடுத்துக்கோ," என்று சொல்லிவிட்டுத் தன் கையையே கடித்துக்கொண்டாள்.

சுழியாள் எடுத்தாள். பாய்ந்தாள். அவளுக்குக் கை சளைத்ததும் அடுத்தவள் வாங்கினாள், பிறகு இன்னொருத்தி. சிவப்பாக இருந்ததால் யாருக்கும் தொடத் தயக்கமில்லை. ஐந்து பேர் கைமாறி, குட்டி அக்கரை போய்ச் சேர்ந்தது. நெட்டைவாலி தன் கையிலிருந்து பல்லை எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

பழுத்த இலையும் மரப்பட்டையும் தின்று அவள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தை பிறந்தபோது முறிந்த கை கூடியது. தாவித் தாவி அக்கரை சேர்ந்தாள். குட்டிக்கு அதற்குள் புது மயிர் கறுப்பாக முளைத்திருந்தது. அது அவளைப் பார்த்துவிட்டு சுழியாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. சுழியாள் அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தங்கையின் மடியில் வைத்தாள்.

"கறுத்திருச்சுடி. இனிமே ஒன்னுது."

அன்று முதல்தான் கருமந்திக்குக் குட்டி செம்பட்டை நிறத்தில் பிறக்கிறது. அந்த நிறம் மாறும்வரை அதைக் கூட்டத்தில் யாரும் தூக்கலாம், யார் மடியிலும் அது உறங்கலாம். பெற்றவள் மட்டும் நாலு கிளை தள்ளி உட்கார்ந்து, அது கறுக்கும்வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.