கடலை அடைத்த வளை

இலுப்பை மரத்தடியில் ஒரு பெருச்சாளி வளை தோண்டி வாழ்ந்தது. வாசலை உள்ளிருந்து மண்ணால் மூடி வைப்பது அதன் வழக்கம். மரத்தில் குடியிருந்த அணில், இனிக்கும் இலுப்பைப்பூக்களைக் கொண்டுவந்து வாசலைத் தட்டும். பெருச்சாளி மண்ணைத் தள்ளிவிட்டுப் பூக்களை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அந்த வருடம் காட்டோரக் கொல்லையில் நிலக்கடலை நன்றாக விளைந்தது. பெருச்சாளி ஓய்வில்லாமல் கடலை சுமந்தது. அறைகள் நிரம்பின. வாசலுக்குப் போகும் வழியும் நிரம்பியது. பிறகு நடு அறையில் மல்லாந்து படுத்துக்கொண்டது. வாயைத் திறந்தால் கடலை; எழுந்திருக்கும் வேலையே இல்லை.

அணில் வந்து தட்டியது. "அண்ணே, பூ வந்திருக்கு."

"கேட்குது தங்கச்சி. நான்தான் வரமுடியல. குறுக்கே கடலை நிக்குது."

பதில் கடலையைத் தாண்டி வெளியே போகவில்லை. அண்ணனுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று அணில் நினைத்தது. சுற்றத்தாரை எல்லாம் கூட்டிவந்து தட்டச் சொன்னது. வாசல் அதிர்ந்ததே தவிர, திறக்கவில்லை. பூக்கள் வெளியே குவிந்து புளித்தன. அந்த வாசனை கரடியின் மூக்கை எட்டியது.

"அண்ணே, கரடி வருது! பூவை உள்ளே இழு. இல்லாட்டி வளையையே பறிச்சுப்போடும்!"

இந்தக் கூச்சல் உள்ளே நன்றாகவே கேட்டது. பெருச்சாளி எழப் பார்த்தது. வயிறு எழுந்தது, மற்றவை வரவில்லை.

"பிள்ளையாரையே சுமந்த வம்சம் எங்களுது," என்று முனகியது. "என்னை நானே சுமக்க முடியல. சாமி பார்த்தா நடந்தே போயிடுவாரு."

கரடி பூவைத் தின்றுவிட்டு, வளையின் கூரையைப் பிறாண்டியது. தப்பிக்க ஒரு பின்வாசல் இருந்தது; அதிலும் கடலைதான். பெருச்சாளி எப்படியோ புரண்டு குப்புற விழுந்து, அதைக் காலால் பின்னுக்குத் தள்ளித் தள்ளி, மூச்சிரைக்க முன்னேறியது. வெளியே வந்து விழுந்தபோது வாலில் பாதி கரடியிடம் போயிருந்தது.

"கொழுப்பு சேராத ஒரே இடம் அது," என்றது பெருச்சாளி. "அதைப் பார்த்தா பறிக்கணும்?"

புது வளையில் அது வழியைக் காலியாக வைத்தது. தினமும் குளத்தைச் சுற்றி ஓடிவிட்டுத்தான் கடலையைத் தொட்டது. ஒருநாள் அணில் பூவோடு வந்து, வாசலை மெல்லத் தொட்டது. உடனே திறந்தது.

"காது சரியாயிடுச்சா அண்ணே?"

"காதுக்கு என்ன குறை? வாய்தான் ஓயல, காலு ஓய்ஞ்சுபோச்சு."

உழைக்காத தசையில் கொழுப்பை அடைத்து வைத்தால், உண்ட இனிப்பு தசைக்குள்ளே போக வழியின்றி வெளியே ரத்தத்தில் தேங்கிக் கெடுதல் செய்யும். எத்தனை பலமாகத் தட்டுவது என்று யோசிப்பதைவிட, உள்ளே அடைந்திருப்பதை உழைத்துக் கரைப்பதே அறிவு.